பல்கலைக்கழகம் புகும் பிள்ளையும் பெற்றோர் கடமையும்

எமது கல்லூரியிற் பயின்ற ஒரு பிள்ளை பல்கலைக்கழக அனுமதி பெற்றுப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து செல்லும் நாள் வீட்டாருக்குப் பெருமை தரும் நாளாகும். அதுவரை பிள்ளையின் படிப்பிலே கண்ணுங் கருத்துமாய் இருந்த பெற்றோர் பலர், இனித் தம் கடமை மாதந்தோறும் பணம் அனுப்புவதோடு முடிந்ததென்று கருதுகின்றனர். வேறு சிலரோ, பிள்ளை இன்னும் ஒன்பதாம் வகுப்பில் இருப்பதாகவே எண்ணி, காலையும் மாலையும் தொலைபேசியில் விசாரணை நடத்துகின்றனர். இவ்விரண்டும் பிள்ளைக்கு உதவா.

பிரிந்திருத்தல் காரைநகருக்குப் புதிதன்று. முன்னாளிலே தந்தையர் பலர் தென்னிலங்கையிற் கடை நடத்தினர். பிள்ளைகளின் படிப்பைத் தாய்மாரே ஊரிலிருந்து கவனித்தனர். கிழமைக்கொரு கடிதம் போய்வந்தது. எழுதுபவர் நடந்தவற்றைத் தொகுத்து எண்ணிப் பார்த்தே எழுதினார். நாளொன்றுக்கு ஐந்து முறை பேசும் வசதி வாய்த்த இக்காலத்தில் அந்த ஆறுதலான உரையாடல் அருகிவிட்டது. கிழமையில் ஒரு நாளைக் குறித்து, அவசரமின்றி அரைமணி நேரம் பேசுதலே நன்று என்பது என் கருத்து.

முதலாண்டின் பெரிய இடர் மொழியாகும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பிலே தொடங்கியபோதும், 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தபோதும், அங்கு சென்றோர் பெரும்பாலும் பாடசாலையிலேயே ஆங்கிலத்திற் பயின்றவர்கள். இன்றோ உயர்தரம்வரை தமிழிற் கற்ற பிள்ளை, மருத்துவ, பொறியியற் பீடங்களிலே ஆங்கில விரிவுரைகளை எதிர்கொள்கின்றது. ஊரில் முதல்வனாய் விளங்கியவன் அங்கே முதற் பரீட்சையில் ஒரு பாடத்திலே தவறுதல் அரிதன்று. அப்பாடத்தை மீள எழுதிச் சித்தியடையலாம், அது பேரிழப்பன்று.

பேரிழப்பு வேறோர் இடத்தில் உண்டாகின்றது. "உனக்காக நகையை அடைவு வைத்தோம், ஊரார் முன் எங்கள் தலை குனியாமற் பார்த்துக்கொள்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை, தவறியதை வீட்டில் எவ்வாறு உரைக்கும்? அது மறைக்கின்றது. ஒரு பாடம் மூன்று பாடங்களாகின்றன. விரிவுரைக்குச் செல்லக் கூசி அறையிலே முடங்குகின்றது. விடுமுறைக்கும் ஊர் வராது ஏதேனும் காரணம் கூறுகின்றது. பெறுபேறு பற்றிக் கேட்டால் மழுப்புகின்றது. பெற்றோர் உண்மையை அறிய ஈராண்டு சென்றுவிடுகின்றது. ஆதலாற் புறப்படுமுன்னரே, "தவறினால் எங்களிடமே முதலிற் சொல்" என்று தந்தையும் தாயும் தெளிவாகக் கூறல் வேண்டும். சொன்னபோது ஏசாதிருத்தலும் வேண்டும். பின்னையது கடினம்.

பகிடிவதை பற்றியும் இவ்வாறே. "எல்லாரும் பட்டதுதான், பொறுத்துக்கொள்" என்னும் புத்திமதி ஆபத்தானது. 1997 இல் பேராதனையிலே தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தான். அடுத்த ஆண்டே பகிடிவதையைத் தடுக்கும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி பகிடிவதை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். பிள்ளை வாய்திறந்து சொன்னால், பெற்றோர் அதனை விளையாட்டென்று தள்ளாது, மாணவ ஆலோசகரிடமும் பீடாதிபதியிடமும் எழுத்திலே முறையிடல் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாமென்று எண்ணுவோரும் உளர். 1974 இல் திருநெல்வேலியில் வளாகமாகத் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இன்று கிளிநொச்சியில் உள்ளன. விடுதி கிடையாவிடில் அறை எடுக்க நேரும். அவ்வறையைப் பெற்றோர் ஒருமுறையேனும் நேரிற் பார்த்தல் வேண்டும். சமையல், தண்ணீர், இரவிலே வந்துசேரும் வழி ஆகியவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, பெருந்தொகையை ஒருசேரக் கொடுப்பதிலும் குறித்த தேதியில் அளவாகக் கொடுப்பது மேல். 1981 இல் ஏற்பட்ட மகாபொல உதவித்தொகை பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கின்றது. எனினும் முதற்றவணை வந்துசேரச் சில மாதங்கள் செல்வதுண்டு. அம்மாதங்களுக்கு வேண்டியதை முன்னரே ஒதுக்கிவைத்தல் நலம். அவ்வாறு ஒதுக்க இயலாத வீடுகளும் நம்மூரில் உள. அங்கே பழைய மாணவர் சங்கத்தினர் சிறு கடனாக உதவலாம்.

கண்டியிலும் கொழும்பிலும் வாழும் பழைய மாணவருக்கு மற்றொரு வேண்டுகோள். புதிதாக அங்கு வரும் நம்மூர்ப் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து உணவளியுங்கள். படிப்பைப் பற்றி அன்று ஒன்றும் கேளாதீர்கள்.