பூனைக்குக் காய்ச்சல் மருந்தா?

கேள்வி: எங்கள் பூனைக்கு உடம்பு சுடுகிறது. குழந்தையின் பாரசிட்டமால் சிரப்பில் நாலு சொட்டுக் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாதம்மா. பூனையின் இயல்பான சூடே 38-39 டிகிரி செல்சியஸ். நம் கைக்குச் சுடத்தான் செய்யும். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி அதன் ஈரலில் மிகக் குறைவு. தேங்கும் நச்சு சிவப்பணுக்களைக் கெடுத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் பறித்துவிடலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களென்றால், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது; சீக்கிரம் போட்டால்தான் பலன். உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள், அது வேறு ஆபத்து. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனைமேல் தடவவேண்டாம். பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பே வரும்.