உலாவியின் அமைப்புப் பட்டியல்

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோம் உலாவியில், பார்த்த தளங்களின் வரலாற்றை அழிக்கும் வசதி ‘தனியுரிமை மற்றும் பாதுகாப்பு’ என்னும் தலைப்பின்கீழ் உள்ளது. ஆனால் ஒரு தளம் நமது இருப்பிடத்தையோ கேமராவையோ மைக்கையோ பயன்படுத்தாமல் தடுக்க, ‘தள அமைப்புகள்’ என்னும் வேறொரு தலைப்பினுள் செல்லல் வேண்டும். இதுவும் தனியுரிமை பற்றியதே அன்றோ! அனுமதிகள் தளந்தோறும் தனித்தனியே சேமிக்கப்படுவதால் நிரல் எழுதுவோருக்கு இப்பிரிவு இயல்பாகத் தோன்றியது போலும். பயன்படுத்துவோரோ சேமிப்பு முறையை அறியார். ‘என்னை யார் கவனிக்கிறார்கள்?’ என்ற கேள்வியோடுதான் பட்டியலைத் திறக்கின்றனர். எழுத்தின் அளவை மாற்றும் இடம் கிடைக்காவிடில் கண் சற்று வலிக்கும், அவ்வளவே. திறந்துகிடக்கும் மைக் அத்தகையதன்று. ஆகவே தள அனுமதிகளைத் தனியுரிமைத் தலைப்பின்கீழ்க் கொணர்தல் வேண்டும். பழகிய விரல்கள் சிலநாள் தடுமாறும் என்பது உண்மையே; அதற்காகப் பழைய இடத்தில் ஓர் இணைப்பை விட்டுவைக்கலாம்.