சோதனைக்கும் சோதனை

நுழையும்முன்

பொன்னின் மாற்றை அறியக் கட்டளைக்கல் உதவுகிறது. அக்கல்லே பழுதுற்றால் பொன்னையும் பித்தளையையும் வேறுபடுத்தி அறிய இயலாது. கணினியின் இயங்குதளத்தைச் சோதிப்பதற்கென எழுதப்படும் நிரல்களும் கட்டளைக்கல் போன்றவையே. அவை எந்நேரத்திலும் எக்கணினியிலும் உண்மையே உரைக்கும்படி அமைப்பது எங்ஙனம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கருநிரலும் தற்சோதனையும்

கைப்பேசியில் ஒரு படத்தைத் தொட்டுத் திறக்கிறோம். அப்படம் சேமிப்பகத்தில் எங்குள்ளது, நினைவகத்தில் அதற்கு எவ்வளவு இடம் தருவது, அதனைக் காணும் உரிமை அச்செயலிக்கு உண்டா என்பனவற்றை எல்லாம் முடிவு செய்வது, இயங்குதளத்தின் நடுவில் அமைந்துள்ள கருநிரல் ஆகும். 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல், இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை இயங்குகிறது. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் அதில் இடையறாது மாற்றங்கள் செய்கின்றனர். ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவருகிறது.

புதிய மாற்றம் ஒன்று, முன்பு செவ்வனே இயங்கிய வேறொன்றைக் கெடுத்துவிடக்கூடும். அதனை உடனே கண்டறிவதற்காகக் கருநிரலின் மூலநிரலோடு சோதனை நிரல்களும் சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. இவை தற்சோதனைகள் எனப்படும். ஒரு தற்சோதனை, கருநிரலிடம் ஒரு பணியைச் செய்யச் சொல்லும். கிடைத்த விடையைக் கிடைக்க வேண்டிய விடையோடு ஒப்பிடும். ‘வெற்றி’ என்றோ ‘தோல்வி’ என்றோ அறிவிக்கும்.

பொய்யாய் எழும் கூச்சல்

‘புலி வருது, புலி வருது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். மெய்யாகவே புலி வந்தபோது அவன் குரலுக்கு ஊரார் ஓடி வரவில்லை. கருநிரலில் பிழை ஏதும் இல்லாதபோதும் ‘தோல்வி’ என்று அறிவிக்கும் சோதனை அச்சிறுவனைப் போன்றது. முதல்முறை நிரலாளர் பதறிப்போய் ஆராய்வார். பத்தாம் முறை, “இச்சோதனை எப்போதும் இப்படித்தான்” என்று கடந்து செல்வார். பதினோராம் முறை எழுந்தது உண்மையான எச்சரிக்கையாக இருந்தால், அதுவும் கேட்பாரற்றுப் போகும். ஆகவே, நம்பிக்கை இழந்த சோதனை இல்லாத சோதனையைவிடத் தீங்கானது.

காத்திருக்கும் முறை

சோதனை தடுமாறுவதற்குரிய முதற்காரணம், காலத்தைப் பற்றிய ஊகமாகும். வலையமைப்பைச் சோதிக்கும்போது ஒரு நிரல் செய்தியைப் பெறுவதற்கு ஆயத்தமாக வேண்டும். மற்றொரு நிரல் அதற்குச் செய்தி அனுப்ப வேண்டும். “பெறும் நிரலைத் தொடங்கு, ஒரு நொடி பொறு, பின்பு செய்தியை அனுப்பு” என்று சோதனையை எழுதுவது எளிது. எழுதியவரின் விரைவான கணினியில் அது ஆயிரம் முறையும் வெற்றி பெறலாம். வேலைப்பளு மிகுந்த கணினியிலோ, மெதுவாக இயங்கும் மெய்நிகர்க் கணினியிலோ, அந்த ஒரு நொடிக்குள் பெறும் நிரல் ஆயத்தமாகாது. உடனே சோதனை ‘தோல்வி’ என்னும். பழியோ கருநிரலின்மேல் விழும்.

ஒரு நொடியைப் பத்து நொடியாக்குவது தீர்வாகாது. நூற்றுக்கணக்கான சோதனைகள் அவ்வாறே காத்திருந்தால் காலம் வீணாகும். பத்து நொடியும் போதாத கணினி ஒன்று எங்கேனும் இருக்கவே செய்யும். சோறு வெந்ததா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். அதுபோலப் பெறும் நிரல் ஆயத்தமாகிவிட்டதா என்று சோதனை அடிக்கடி வினவ வேண்டும். ஆயத்தமானவுடன் மேற்செல்ல வேண்டும். முடிவின்றிக் காத்திராதபடி மேல்வரம்பு ஒன்றும் வைத்தல் வேண்டும். லினக்ஸ் தற்சோதனைகளை ஓட்டும் அமைப்பு, வேறு வரம்பு குறிக்கப்படாத சோதனைக்கு 45 நொடிகளை வரம்பாகக் கொள்கிறது.

கணினிக்குக் கணினி மாறும் அளவு

இரண்டாவது காரணம், தன் கணினியைப் போன்றதே உலகக் கணினிகள் யாவும் என்று எண்ணுவதாகும். கருநிரல் நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்து ஆள்கிறது. நாம் பரவலாகப் பயன்படுத்தும் மேசைக்கணினிகளில் ஒரு பக்கத்தின் அடிப்படை அளவு 4096 பைட்டு. 64 பிட் ஆர்ம் வகைக் கணினிகளிலோ அது 4, 16, 64 கிலோபைட்டு ஆகிய மூன்றனுள் ஒன்றாக இருக்கலாம். சோதனைக்குள் 4096 என்னும் எண்ணை நேரடியாக எழுதிவிட்டால், 64 கிலோபைட்டுப் பக்கமுள்ள கணினியில் கணக்குகள் பிறழும். கருநிரல் சரியாக இயங்கினாலும் சோதனை தோற்கும். “உன் பக்க அளவு யாது?” என்று இயங்குதளத்தையே கேட்டு அறிந்து, அதற்கேற்பக் கணக்கிடுவதே முறை. ஓரூர் மரக்காலை அவ்வூராரிடம் கேட்டறியாமல் அவர்தம் நெல்லை அளக்கலாகாது.

மூன்றாவது விடை

சில வேளைகளில் ஒன்றைச் சோதிக்கவே வாய்ப்பு இராது. சோதிக்க வேண்டிய வசதி அந்தக் கருநிரலில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். நிருவாகி உரிமை இல்லாமல் இருக்கலாம். அப்போது ‘தோல்வி’ என்பது பழிச்சொல். ‘வெற்றி’ என்பது பொய்ச்சொல். ‘தவிர்க்கப்பட்டது’ என்பதே நேர்மையான விடை. லினக்ஸ் தற்சோதனைகளில் வெற்றிக்கு 0, தோல்விக்கு 1, தவிர்ப்புக்கு 4 என முடிவெண்கள் வகுக்கப்பட்டுள்ளன. தவிர்த்ததற்குரிய காரணத்தையும் சொல்வது நல்ல சோதனை. அதனைக் காண்பவர் குறையை நிறைவு செய்து, மீண்டும் சோதிக்க இயலும்.

வந்த சுவடு தெரியாமல்

சோதனை, கணினியின் அமைப்புகளை மாற்ற நேரிடலாம். அவற்றை மீட்டுவைக்காமல் நின்றுவிட்டால், அடுத்து வரும் சோதனை தன்மேல் குற்றமின்றியே தோற்கும். வெற்றியோ தோல்வியோ, இடையில் நிறுத்தமோ, எவ்வாறு முடிந்தாலும் பழைய நிலையை மீட்டுவைப்பது சோதனையின் கடமை.

| தெரியுமா?
| ஒவ்வொரு சோதனையும் தன் போக்கில் விடை சொன்னால் அவற்றைத் தொகுப்பது கடினம். ஆதலால் லினக்ஸ் தற்சோதனைகள் ‘டேப்’ என்னும் பொதுவடிவில் விடை தருகின்றன. 1987இல் வெளிவந்த பெர்ல் நிரல்மொழியின் சோதனைகளுக்காகத் தோன்றிய வடிவம் அது. மனிதரும் கணினியும் ஒருங்கே படித்தறியும் எளிமை உடையது.

மறைந்திருந்த பிழை

தடுமாறும் சோதனையால் விளையும் பெருந்தீங்கு மற்றொன்றும் உண்டு. கருநிரலின் பிழைகளுள் சில, தாமே எப்போதாவதுதான் தலைகாட்டும். இரு பணிகள் ஒன்றையொன்று முந்தும் நுண்ணிய கணத்தில் மட்டும் அவை வெளிப்படும். இவற்றை முந்துநிலைப் பிழைகள் எனலாம்.

2016 அக்டோபரில் திருத்தப்பட்ட ‘டர்ட்டி கவ்’ என்னும் பிழை அத்தகையது. படிக்க மட்டுமே உரிமை பெற்ற ஒருவர், அக்கோப்பில் எழுதவும் அது வழிவிட்டது. அதன்வழி எளிய பயனர் ஒருவர் கணினி முழுவதையும் தம் வயப்படுத்த முடிந்தது. 2007இல் வெளியான 2.6.22 பதிப்பு முதலாகவே லினக்ஸ் பதிப்புகள் இதற்கு இலக்காகியிருந்தன. இப்பிழையை நீக்கப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே தாம் முயன்றதாகவும், எஸ்390 என்னும் பெருங்கணினி வகையில் எழுந்த சிக்கலால் அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாகவும் டோர்வால்ட்ஸ் திருத்தக் குறிப்பில் பதிவு செய்தார். ஒரு கணினி வகைக்குப் பொருந்திய திருத்தம் மற்றொன்றுக்குப் பொருந்தாமற்போவதால் நேரும் விளைவுக்கு இது சான்று.

நல்ல சோதனைகள் இருந்திருந்தால் இப்பிழை முன்னரே அகப்பட்டிருக்கும் என்று உறுதி கூற இயலாது. எனினும் ஒன்று தெளிவு. நூறு முறை ஓட்டுகையில் ஒருமுறை தோற்கும் சோதனையைக் காணும்போது, அது சோதனையின் தடுமாற்றமா, கருநிரலில் பதுங்கிய முந்துநிலைப் பிழையா என்ற வினா எழும். சோதனைகள் தடுமாறுவது வழக்கமாகிவிட்ட இடத்தில் அவ்வினாவை எவரும் எழுப்பார். சோதனைகள் உறுதியாக நிற்கும் இடத்தில் அந்த ஒற்றைத் தோல்வியே உரத்த குரலாகும். கட்டளைக்கல்லைப் பழுதின்றிக் காப்பது பொன்னைக் காப்பதற்கு ஒப்பாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள தராசு, வெப்பமானி ஆகியவற்றின் சரித்தன்மையை எவ்வாறு அறிவது எனக் குழுவாகக் கலந்துரையாடுக.
2. பாடத்தில் வந்துள்ள கலைச்சொற்களைத் தொகுத்து அகராதி ஒன்று உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
லினக்ஸ் தற்சோதனையில் ‘தவிர்க்கப்பட்டது’ என்பதைக் குறிக்கும் முடிவெண்
அ) 0   ஆ) 1   இ) 4   ஈ) 45

குறுவினா
தற்சோதனை என்பது யாது?

சிறுவினா
சோதனை நிரலில் பக்க அளவை நேரடியாக எழுதலாகாது – ஏன்?

நெடுவினா
‘நம்பிக்கை இழந்த சோதனை இல்லாத சோதனையைவிடத் தீங்கானது’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.