திதியும் ஓதமும்: அலிபாக்கில் ஒரு நாள்

மும்பையில் படிக்கும் தமிழ் மாணவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரும் சிக்கல். விடுதியில் இருந்தால் துணி துவைக்க வேண்டும். ஊரைச் சுற்றலாமென்றால் கூட்டம் நசுக்கும். ஆகவே மாதத்துக்கு ஒரு முறையேனும் காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய இடங்களை நாடுகிறோம். அத்தகைய இடங்களுக்கு இங்குக் குறைவில்லை. போரிவலிக் காட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குடைவரைகள் கொண்ட கான்ஹேரி உண்டு. மோட்டார் வண்டிகளை உள்ளே விடாத மாதேரான் மலை உண்டு. அங்கெல்லாம் போகலாம், காணலாம், களைத்துத் திரும்பலாம். கடலோர ஊர்களின் செய்தி வேறு. அங்கே போகுமுன் ஒரு சிறு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அறியாமல் போய் நாங்கள் பட்ட பாட்டையும், பட்டபின் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. நால்வர் புறப்பட்டோம். சாந்தாகுரூசில் ரயிலேறிச் சர்ச்கேட்டில் இறங்கி, கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு நடந்தோம். அங்கிருந்து மாண்ட்வாவுக்குப் படகு. ஒரு மணி நேரப் பயணம். படகுச் சீட்டில் 'காட்டமரான்' என்று அச்சிட்டிருந்தது. நம் கரையோரத்துக் கட்டுமரந்தான் ஆங்கிலத்துக்குப் போய், உருமாறி, இயந்திரமும் பூட்டிக்கொண்டு இங்கே வந்து நம்மிடமே காசு வாங்குகிறது! கடற்காகங்கள் கூட்டமாய்ப் பின்தொடர்ந்தன. மாண்ட்வாவிலிருந்து அலிபாக்குக்குப் பேருந்து. அதற்கும் சேர்த்தே படகுச் சீட்டு.

அலிபாக் கடற்கரையில் நின்றால் எதிரே நீருக்குள் ஒரு கோட்டை தெரியும். அதுதான் குலாபாக் கோட்டை. 1680-இல் சிவாஜி தொடங்கிவைத்தது. அவ்வாண்டே அவர் மறைந்ததால் மகன் சாம்பாஜி கட்டி முடித்தார். பின்னர் கானோஜி ஆங்கரே என்னும் கடற்படைத் தலைவருக்கு இஃது இருப்பிடமாயிற்று. 1721-இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து வந்து தாக்கியும் இதைப் பிடிக்க முடியவில்லை. எங்களுள் ஒருவர் தஞ்சாவூர்க்காரர். சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜிதானே தஞ்சையை ஆண்டவர்? "அப்படியானால் இது எங்கள் ஊர்க் கோட்டை, நான்தான் முதலில் நுழைவேன்" என்று அவர் முன்னே நடந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதை நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அப்போது மணி பத்து. கோட்டை வரையில் ஈர மணலும் பாறையும் கிடந்தன. இடையிடையே கணுக்கால் நனையும் நீர், அவ்வளவே. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசியபடி போய்ச் சேர்ந்தோம். உள்ளே ஒரு பிள்ளையார் கோயில், சுற்றிலும் உப்புநீர் இருக்க நடுவே ஒரு நன்னீர்க் கேணி, வடபுறம் சக்கரம் வைத்த இரண்டு இங்கிலாந்துப் பீரங்கிகள். பீரங்கிமேல் சாய்ந்து படமெடுத்துக்கொண்டோம். கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைத் தின்றோம். திரும்ப வாயிலுக்கு வந்தபோது மணி பதினொன்றரை.

மணலைக் காணோம். நாங்கள் நடந்து வந்த இடத்தில் கடல் இருந்தது.

பெரிய அலையில்லை, இரைச்சலில்லை. ஆகவே அச்சமும் எழவில்லை. "முழங்கால் அளவுதான் இருக்கும், வாருங்கள்" என்று முதலில் சொன்னவன் நான்தான். இறங்கினோம். முழங்கால் தொடையாயிற்று, தொடை இடுப்பாயிற்று. நீர் எதிரே வந்து மோதவில்லை, பக்கவாட்டில் இழுத்தது. காலடியில் மணல் நழுவியது. தஞ்சாவூர் நண்பர் கால் தவறி ஒருமுறை முழுகி எழுந்து என் சட்டையைப் பற்றினார். அந்தப் பிடியை நான் இன்னும் மறக்கவில்லை. கோட்டை வாயிலிலிருந்து ஒரு முதியவர், "போரானோ! பர்த்தி! பர்த்தி!" என்று கூவிக் கையை வீசினார். போரானோ என்றால் பிள்ளைகளே என்று பொருள். பர்த்தி என்பது ஏற்ற ஓதம். நால்வரும் கைகோத்துத் திரும்பிப் படியேறியபோது ஒருவர் முகத்திலும் குருதியில்லை.

முதியவர் எங்களைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். "இன்று என்ன திதி?" என்று கேட்டார். நால்வருள் ஒருவனுக்கும் தெரியவில்லை. பட்ட மேற்படிப்பு மாணவர் இருவர், ஆராய்ச்சி மாணவர் இருவர்! "திருதியை" என்று அவரே சொல்லிவிட்டு, மூன்று விரலை நீட்டி, "பாவூண் போடு" என்றார். பாவூண் என்றால் மராத்தியில் முக்கால். மூன்றை முக்காலால் பெருக்கினால் இரண்டேகால். பகல் இரண்டேகாலுக்குக் கடல் நிறையும். இரவு இரண்டேகாலுக்கு மறுபடியும் நிறையும். இடையே ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் தள்ளி வற்றும். காலை எட்டரைக்கே வற்றம் முடிந்துவிட்டது. நாங்கள் நடந்தது ஏறத் தொடங்கிய கடலில்!

கொங்கணக் கரை மீனவர் வழிவழியாகச் சொல்லிவரும் இக்கணக்கை விடுதிக்கு வந்தபின் ஆராய்ந்து பார்த்தேன். சந்திரன் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது. ஓதமும் அதனோடு பிந்துகிறது. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை 15 திதிகள்; அதற்குள் ஓத நேரம் 12 மணி நேரம் நகர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். பன்னிரண்டைப் பதினைந்தால் வகுத்தால் திதி ஒன்றுக்கு 48 நிமிடம். மீனவர் அதை 45 நிமிடம், அதாவது முக்கால் மணி, என்று கொண்டனர். வாய்க்கணக்குக்கு அதுதானே எளிது? வளர்பிறையாயினும் தேய்பிறையாயினும் எண்ணிக்கை ஒன்றே. பஞ்சமியா? மூன்றேமுக்கால். அஷ்டமியா? ஆறு. ஏகாதசியா? எட்டேகால். சிறிது முன்பின் ஆகலாம். உல்லாசப் பயணிக்கு அது போதும்.

இன்னொன்றும் அறிந்தேன். கடல் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முழு ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று என்று ஏறும். நாங்கள் கோட்டைக்குள் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தது மூன்றாம் மணியில். ஏற்றம் நான்கு மீட்டர் என்றால், அந்த ஒரு மணியில் மட்டும் ஒரு மீட்டர் நீர் ஏறிவிடும். அடுத்த மணியில் இன்னும் ஒரு மீட்டர்.

நமக்கு ஏன் இது தெரியவில்லை என்று கேட்கலாம். நம்மில் பலர் கிழக்குக் கரையைக் கண்டு வளர்ந்தவர்கள். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரிய நாட்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வேறுபாடு. மெரினாவில் அலைக்கு அஞ்சக் கற்றோமேயன்றி ஓதத்துக்கு அஞ்சக் கற்கவில்லை. மும்பையிலோ பௌர்ணமி அமாவாசையை ஒட்டி நான்கு மீட்டருக்கு மேலும் மாறும். காரணம் கடலின் அடியில் இருக்கிறது. இக்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆழமற்ற கடல். ஆழ்கடலில் தாழ்வாய் வரும் ஓத அலை அந்த மேட்டின்மேல் ஏறும்போது உயர்கிறது. வடக்கே காம்பாத் வளைகுடாவின் குறுகலில் அது இன்னும் உயரும். சென்னைக்கு வெளியேயுள்ள மேடு மிகக் குறுகலானது.

பகல் ஒன்றரைக்கு ஒரு படகு வந்தது. நடுவழியில் படகுக்காரர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டுத் தம் கழியை நீருக்குள் நிறுத்திக் காட்டினார். கழியில் நனைந்த பகுதி என் தலைக்கு மேல் இருந்தது. தஞ்சாவூர் நண்பர் அன்று மாலைவரை பேசவில்லை.

கரையேறியபின் ஊருக்குள் சிறிது நடந்தோம். அலிபாக்கில் ஒரு காந்தவியல் ஆய்வகம் உண்டு. அதன் வரலாறு சுவையானது. 1841 முதல் மும்பைக் கொலாபாவில் பூமியின் காந்தப் புலத்தை அளந்து வந்தார்கள். மும்பையில் குதிரை டிராமுக்குப் பதில் மின்சார டிராம் வரப்போகிறது என்றவுடன், மின்னோட்டம் கருவிகளைக் கலக்கிவிடும் என்று அஞ்சி, 1904-இல் அலிபாக்கில் அளக்கத் தொடங்கினர். இன்றும் இங்கே அளவை நடக்கிறது. நகரத்தின் தொல்லை தாளாமல் அலிபாக்குக்கு வந்தவர்களுள் காந்த ஊசியும் ஒன்று! நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

இனிப் போகிறவர்களுக்கு என் யோசனை. பௌர்ணமி, அமாவாசையில் வற்றம் காலை ஆறையும் மாலை ஆறையும் ஒட்டி வரும். மும்பையிலிருந்து போகிறவனுக்குப் பயனில்லை. பஞ்சமி, சஷ்டியில் முற்பகல் பத்து, பத்தேமுக்காலுக்கு வற்றும். அதுவே ஏற்ற காலம். அஷ்டமி நவமியில் பயணம் ஆகாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பாட்டி அலிபாக்கைக் கண்டதில்லை. அஷ்டமியில் நடுப்பகலில் வற்றம்; கடலின் இழுப்பும் அன்றுதான் குறைவு. ஆனால் நீர் முழுதும் வடியாது. முழங்கால் நனையலாம், அல்லது குதிரை வண்டியில் போகலாம். எந்த நாளாயினும் வற்ற நேரத்துக்கு முன்னரே நடந்து சென்று, வற்றம் முடிந்து ஒரு மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும். திதிக் கணக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் அன்றைய நேரத்தைச் சரிபார்த்து, கரையிலுள்ள மீனவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் போகும் படகு நின்றுவிடும். அப்போது பன்வேல், பேண் வழியாகப் பேருந்தில் போகலாம். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை மாண்ட்வாவில் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அதையும் கேட்கவில்லை. பேருந்தில் வந்து விடுதிக் கதவைத் தட்டியபோது மணி பதினொன்று.

இப்போது எங்கள் அறையில் ஊரிலிருந்து வரவழைத்த தினத்தாள் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. நாள்தோறும் தாளைக் கிழிப்பவர் தஞ்சாவூர் நண்பர். மாதுங்காவில் நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்து ஞாயிறும் சஷ்டியும் கூடும் நாளில் போவதாய் இருக்கிறோம். நால்வர் போக இன்னும் ஆறு பேருக்கு இடமுண்டு.