ஓத நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து சீவர்டு துறைமுகம் 127 மைல், ஏறக்குறைய 204 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் நிற்காமல் ஓட்டுவதற்கான சாலை இல்லை இது. முழு நாளை ஒதுக்கி வையுங்கள். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், இருட்டுமுன் திரும்பும் பதற்றம் வேண்டாம்.

முந்தின நாளே ஆங்கரேஜின் ஓத அட்டவணையைப் பாருங்கள். முதல் நாற்பது மைலுக்குச் சாலை டர்னகெய்ன் ஆர்ம் என்ற குறுகிய கடல் கழியை ஒட்டியே போகிறது. 1778இல் கேப்டன் குக்கின் ஆட்கள் வழி தேடி உள்ளே வந்து, வழியில்லாமல் மறுபடி திரும்ப நேர்ந்த சலிப்புதான் அந்தப் பெயர். இங்கே கடல் ஏறுவதும் வற்றுவதும் சில நாள் 12 மீட்டர் வரை வேறுபடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறும் தண்ணீர் ஒற்றை அலையாக, கழியின் அகலத்துக்கும் நீண்டு உள்ளே வரும். ஆங்கரேஜில் கடல் முழுதாக வற்றிச் சுமார் ஒன்றேகால் மணி கழித்து அது சாலையோரத்துப் பெலூகா பாயின்ட்டைத் தாண்டும். கொஞ்சம் முன்னதாகவே அங்கே போய் நின்றுகொள்ளுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, சால்மன் மீனைத் துரத்தி வரும் வெள்ளை பெலூகா திமிங்கிலங்களும் கண்ணில் படலாம்.

தண்ணீர் வற்றிய சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். பார்வைக்குக் கெட்டியான மணல். உண்மையில் பனியாறுகள் பாறையை அரைத்துக் கொட்டிய மாவு. மாட்டிய காலை எடுக்குமுன் ஓதம் வந்துவிடும். உயிர் போயிருக்கிறது.

நம் ஊருக்கு மாறாக இங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். போகும்போது கடலும் வலப்பக்கம்தான். எனவே பார்க்க வேண்டியதைப் போகும்போதே பார்த்துவிடுங்கள். திரும்பும்போது எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித்தான் ஒதுங்க முடியும். மைல்கற்கள் சீவர்டிலிருந்து எண்ணப்படுவதால் எண் குறைந்துகொண்டே போகும். 106ஆம் மைல் அருகே பாறைச் சரிவை அண்ணாந்து பாருங்கள், வெள்ளை மலையாடுகள் நிற்கும். கிர்ட்வுட்டில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுவது சட்டம்.

போர்ட்டேஜில் சாம்பல் நிறத்தில் பட்ட மரங்கள் நிற்கின்றன. 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் வந்த நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து, உப்புநீர் வேரில் ஏறிச் செத்தவை. பக்கத்துப் போர்ட்டேஜ் பனியாற்றைப் பார்க்க 1986இல் கட்டிய பார்வையாளர் மையத்திலிருந்து இன்று அது தெரியாது, படகில்தான் போக வேண்டும். நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம்.

விடக்கூடாதது எக்சிட் பனியாறு. சீவர்டுக்கு நாலு மைல் முன்னால் வலப்பக்கம் திரும்புங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பனிக்காலத்தில் கார் போகாது. போகும் வழியில் வெறும் ஆண்டு மட்டும் எழுதிய பலகைகள் நிற்கும். அந்த ஆண்டில் பனியின் விளிம்பு இருந்த இடம் அது. 1917, 1951 எனக் கடந்து, 2010 பலகையருகே நின்று நிமிர்ந்தால் பனி இன்னும் தொலைவில் இருக்கிறது. பனியைவிட அந்தப் பலகைகள்தாம் எனக்கு மனதில் நின்றன. மேலே ஹார்டிங் பனிவெளிக்கு ஏறும் பாதை போக வர 13 கிலோமீட்டர். ஏறினால் ஊரைப் பார்க்க நேரமிருக்காது.

கடலில் இடிந்து விழும் பனியைக் காண சீவர்டிலிருந்து ஆறு மணி நேரப் படகுப் பயணம் உண்டு. ஒரே நாளில் இந்தச் சாலைப் பயணத்தையும் படகுப் பயணத்தையும் திணிக்காதீர்கள், அதற்கு ஒரு இரவு தங்குவது நல்லது. 1998இல் திறந்த கடல்வாழ் உயிரின மையத்தில் பஃபின் பறவைகளையும் கடற்சிங்கங்களையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதன் செலவில் ஒரு பங்கு, 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய்க்கான இழப்பீட்டுப் பணம்.

மாலையில் படகுத் துறைக்கு வாருங்கள். தூண்டில் படகுகள் திரும்பி, ஆளுயர ஹாலிபட் மீன்கள்கூடக் கொக்கியில் தொங்கும். பக்கத்து மேசைகளில் வேகமாக அறுப்பார்கள். எறியும் கழிவுக்குக் கடற்காக்கைகள் சண்டையிடும். மீன் சாப்பிடுபவர்கள் அங்கேயே ஹாலிபட் வறுவல் வாங்கிக்கொள்ளலாம். சைவர்கள் ஆங்கரேஜிலேயே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் மூஸ் மான் சாலையைக் கடக்கும் நேரம் அது, மெதுவாக ஓட்டுங்கள்.