தேனி வலையமைப்பு கற்பிக்கும் பாடம்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

கணிப்பொறி வலையமைப்புத் துறையில் வேலை தேடும் நம் மாணவர் பலர், பட்டத்தோடு சி.சி.என்.ஏ. போன்றதொரு சான்றிதழையும் பெற விரும்புகின்றனர். அதில் தவறில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம் போன்றவர்க்குப் பரிந்து பேச ஆளில்லை; சான்றிதழ்தான் நமக்காகப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் கேள்வி விடைத் தொகுப்பை மனப்பாடம் செய்து அத்தேர்வை எழுதிவிடும் வழக்கமும் பரவியுள்ளது. ஒரு வலையமைப்பைத் திட்டமிடுவதும், அது பழுதுற்றால் காரணம் கண்டு சீர் செய்வதும் உண்மையில் எத்தகைய வேலைகள்? நமக்கு அண்டை மாவட்டத்தில் நடந்த ஒன்றைக் கொண்டு அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண் மருத்துவமும் கம்பியில்லா இணைப்பும்

மதுரையில் 1976-ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நாம் அனைவரும் அறிவோம். அதன் தேனிக் கிளை, சுற்றுவட்டார ஊர்களில் ‘பார்வை மையங்கள்’ என்னும் சிறு நிலையங்களை நிறுவியது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் கணிப்பொறித் திரையில் நோயாளியின் முகம் பார்த்துப் பேசி ஆலோசனை கூறுவார். நோயாளிக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

இதற்கு முன்பே, 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை அவற்றை இணைத்தது. அதன் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். கண்ணைப் படமெடுத்து அனுப்ப அது போதும். முகம் பார்த்துப் பேசப் போதாது. ஆகவே தேனியில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, விலை மலிவான வைஃபை கருவிகளைக் கொண்டே நெடுந்தொலைவு இணைப்புகள் அமைக்கப்பட்டன. அவ்வாய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அன்று 5 மையங்கள், 11 ரவுட்டர்கள், 9 இணைப்புகள் இருந்தன. மிகக் குறுகிய இணைப்பு 1 கி.மீ.; ஆண்டிப்பட்டியை எட்டிய நீண்ட இணைப்பு 15 கி.மீ. கோபுரங்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர் வரை. ஓர் ஆலை வளாகத்திலிருந்த புகைபோக்கியும் கம்பமாகப் பயன்பட்டது.

திட்டமிடல்: மூன்று கணக்குகள்

முதலாவது, உயரம். கோபுரத்துக்கு 42 மீட்டர் எதற்கு? ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் மெல்லிய கோடாகச் செல்வதில்லை. இரு முனையும் கூராகி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் போன்றதொரு வெளி அதற்குத் தேவை. இதனை ஃபிரனெல் மண்டலம் என்பர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 15 கி.மீ. தொலைவின் நடுவில் அதன் ஆரம் ஏறத்தாழ 21.7 மீட்டர். இதில் 60 விழுக்காடாவது, அதாவது 13 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவு நடுவில் 3 மீட்டர் அளவுக்கு மேலெழுந்து நிற்கும். இடையில் 20 மீட்டர் உயரத் தென்னந்தோப்பு ஒன்று இருந்தால், கூட்டினால் 36 மீட்டர் வருகிறது. கோபுரம் ஏன் அவ்வளவு உயரம் என்பது இப்போது விளங்கும். தென்னை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் திட்டமிடுபவர் மறக்கலாகாது.

இரண்டாவது, நேரம். வைஃபை ஒரு கட்டிடத்துக்குள் பயன்படுத்த வகுக்கப்பட்ட முறை. ஒரு முனை செய்தியை அனுப்பியதும், ‘கிடைத்தது’ என்னும் மறுமொழிக்காகச் சிறிது நேரம் காத்திருக்கும். வராவிட்டால் மீண்டும் அனுப்பும். 15 கி.மீ. கடக்க அலைக்கு 50 மைக்ரோநொடி, போய்வர 100 மைக்ரோநொடி ஆகும். கட்டிடத்துக்கு ஏற்ற காத்திருப்பு நேரம் இதற்குப் போதாது. செய்தி போய்ச் சேர்ந்த பிறகும், சேரவில்லை என்றெண்ணிக் கருவி திரும்பத் திரும்ப அனுப்பும். இரு முனைகளும் ஒரே வேளையில் பேசி மோதிக்கொள்வதும் உண்டு. எனவே ஆய்வாளர்கள் இரு முனைகளுக்கும் முறை வைத்து நேரம் ஒதுக்கினர். பல செய்திகளுக்குச் சேர்த்து ஒரே மறுமொழி அனுப்பச் செய்தனர். வாய்க்கால் நீருக்கு முறை வைக்கும் நம் வழக்கத்தை ஒத்தது இது.

மூன்றாவது, முகவரி. தேனியின் உண்மையான முகவரிகள் அல்ல இவை; பயிற்சிக்காக நான் அமைத்த கணக்கு. 192.168.10.0 என்னும் வலையில் 256 முகவரிகள் உள்ளன. 32 வீதம் 8 பகுதிகளாகப் பிரித்தால், மருத்துவமனைக்கும் 5 மையங்களுக்கும் 6 பகுதிகள் போக 2 மீதம். அந்த 64 முகவரிகளில், இணைப்பு ஒன்றுக்கு 4 வீதம் 9 இணைப்புகளுக்கு 36 செலவாகும். எஞ்சுவது 28. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது போலத் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு ஆறாவது மையம் ஒன்று வந்தால் 32 முகவரி கொண்ட பகுதிக்கு இடமில்லை. தனியார் முகவரிகளுக்கு விலை கிடையாது. தொடக்கத்திலேயே நான்கு மடங்கு எடுத்து வைப்பதே அறிவுடைமை.

பழுது காணல்

தேனிக் கட்டுரை நமக்குக் கூறும் முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அங்கு நேர்ந்த பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நெறிமுறைகளோ முகவரிகளோ அல்ல, தரமற்ற மின்சாரம்! 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில் நொடிப்பொழுது பன்மடங்கு எழும் அலை, கருவியின் துளைமுகங்களை எரித்தது. தாழ்ந்த மின்னழுத்தத்தில் ரவுட்டர் முழுவதும் அணையாமலும் இயங்காமலும் சிக்கி நின்றது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றதால் நினைவக அட்டை கெட்டது.

ஏழு அடுக்குகளாக வலையமைப்பைப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியை ஒப்பிக்காத மாணவர் இல்லை. ஆயினும் கீழ் அடுக்கைக் கேபிள் வகைகளின் பட்டியலோடு நாம் கடந்துவிடுகிறோம். பயிற்சிக்கு நாம் பயன்படுத்தும் ‘பேக்கெட் டிரேசர்’ மென்பொருள் மிக நல்ல கருவிதான். ஆனால் அதன் திரையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதில்லை. எர்த் குழி காய்வதில்லை. நம்மில் பலர் கிணற்று மோட்டாரோடு வளர்ந்தவர்கள். மூன்று பேஸில் ஒன்று விடுபட்டதால் காயில் கருகியதையும், அதன் பின் வீட்டில் நிலவிய கவலையையும் கண்டவர்கள். அந்த அறிவு பாடத்துக்கு வெளியே உள்ளதென்று எண்ணி நாம் கூச வேண்டியதில்லை. அதுவே முதல் அடுக்கின் பாடம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மையத்திலிருந்து மறுமொழி வராதபோது, மருத்துவமனையில் இருப்பவருக்குத் தெரிவது மௌனம் ஒன்றே. மின்சாரம் இல்லையா, பேட்டரி தீர்ந்ததா, ரவுட்டர் சிக்கி நின்றதா, காற்றில் ஆண்டெனா திரும்பியதா? அனைத்துக்கும் அறிகுறி ஒன்றுதான். ஆதலால் கீழிருந்து மேலாகச் சோதிக்கும் ஒழுங்கு வேண்டும்:

1. மின்சாரம், எர்த், பேட்டரி அழுத்தம் ஆகியவற்றை மீட்டரால் அளக்க வேண்டும்.
2. கேபிள், இணைப்பு முனை, ஆண்டெனாவின் திசை ஆகியவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.
3. அலையின் வலிமையை, நன்றாக இயங்கிய நாளில் குறித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.
4. அருகிலுள்ள ரவுட்டருக்கு ‘பிங்’ அனுப்ப வேண்டும், பின்னர் அடுத்ததற்கு. எங்கே நிற்கிறதோ அங்கே பழுது.
5. இவை யாவும் சரியெனில் மட்டுமே முகவரி, பாதை அட்டவணை, மென்பொருள் ஆகியவற்றில் கை வைக்க வேண்டும்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றியபின் இணைப்பு வந்தால், எதனால் வந்தது என்பது யாருக்கும் தெரியாது. பழுது மீண்டும் வரும்.

தேனியில் கண்ட தீர்வுகளும் இவ்வழியே சென்றன. அழுத்தம் தாழ்ந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, சீரானபின் திரும்பத் தரும் அமைப்பு பொருத்தப்பட்டது. கருவி சிக்கி நின்றால் தானே மறுபடி தொடங்கக் காவல் கடிகாரம் வைக்கப்பட்டது. நினைவக அட்டை படிக்க மட்டுமே திறக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, உள்ளூர்ப் பணியாளருக்குப் பயிற்சி தரப்பட்டது. பழுது நேர்ந்த இடத்தில் இருப்பவர் அவரே அல்லவா?

முடிவுரை

சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்போம், நன்றாகவே படிப்போம். அத்துடன் நம் கல்லூரியிலேயே செய்யத்தக்கவை சில உள. ஆய்வகத்திலிருந்து நூலகம் வரை எந்தக் கேபிள் எவ்வழியே செல்கிறது என்று வரைபடம் வரையலாம். ஒரு மாதம் நாள்தோறும் காலை, நண்பகல், மாலை வேளைகளில் மின்னழுத்தத்தை அளந்து எழுதலாம். ஒவ்வொரு பழுதையும், அதன் காரணத்தையும், செய்த மாற்றத்தையும் ஒரு நோட்டில் பதிந்து, அடுத்து வரும் வகுப்பினரிடம் ஒப்படைக்கலாம். பேராசிரியர்கள் இசைந்தால் இவ்வாண்டே தொடங்கலாம். நாளை ஒரு மருத்துவமனையிலோ வங்கியிலோ இணைப்பு அறுந்து, மறுமுனையில் ஒருவர் காத்திருக்கும்போது, நம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு நான்கு விடைகள் அச்சிட்டுத் தரப்படா. அன்று கைகொடுக்கப் போவது இந்த நோட்டுதான்.