ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிராக் போடச் சொன்னால்

கட்டட வரைபட அலுவலகம், டிடிபி சென்டர், வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இது காதில் விழலாம்: "தம்பி, பென்டிரைவ்ல கிராக் இருக்கு, எடுத்துப் போட்டுக்கோ." காசு கொடுக்காமல் மென்பொருளை ஓடவைக்கும் அந்தக் குறுக்குவழி, சொல்பவருக்குத் தப்பாகவே தோன்றாது. போடுகிற கை உங்களுடையது என்பதால் நீங்கள் யோசித்தே ஆக வேண்டும்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தும் அதைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிற எவரையும் பிடிக்கும். குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. கூடவே 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கமோ தொழிலோ இல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. அலுவலக வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது. நிறுவனத்தை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களை 69ஆம் பிரிவு தனியாக இழுக்கும். சிவில் வழக்கு என்றால், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் அலுவலகத்துக்கே வந்து கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்க்கலாம். தில்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட உத்தரவுகளைப் பலமுறை பிறப்பித்திருக்கிறது. 'நம்ம சின்ன ஆபீஸ், யாருக்குத் தெரியப்போகுது' என்பதும் பழைய கதை. பெரிய வடிவமைப்பு மென்பொருள்களில் சில, இணையத்தோடு இணைந்ததும் தம்மைத் தயாரித்த நிறுவனத்துக்கே தகவல் சொல்லிவிடும்.

சரி, முதலாளியிடம் எப்படி மறுப்பது? பிரசங்கம் வேண்டாம். "சார், இந்த சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் யார்கிட்ட வாங்கிக்கணும்?" என்று ஒரு வரி மெயில் போடுங்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லை, கேள்வி மட்டும்தான். ஆனால் கேட்டது பதிவாகிவிடுகிறது. சட்டம் என்றால் சிரிக்கிற முதலாளிகூட, வைரஸ் என்றால் காது கொடுப்பார். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துதான் ஊரெல்லாம் பரவியது. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்து அத்தனை வரைபடங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், மிச்சம் பிடித்த லைசென்ஸ் காசு எந்த மூலைக்கு?

கையில் காசில்லாத மாணவர் கிராக் போட்டுப் பழகியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எனக்குப் புரிகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிற, பிளாட்டருக்கும் ஏசிக்கும் தயங்காமல் செலவழிக்கிற அலுவலகம், சாஃப்ட்வேர் என்றதும் 'கட்டுப்படியாகாது' என்று கையை விரிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நாளைக்கு அந்த அலுவலகத்தின் வரைபடத்தை வேறொருவர் காசு கொடுக்காமல் நகலெடுத்தால் முதலாளி சும்மா இருப்பாரா?

கிராக்காவது பார்த்ததும் தெரியும். தெரியாமலே மாட்டிவிடுவது 'ஃப்ரீ'. கல்லூரியில் ஆட்டோகேட் தயாரிப்பாளரான ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தந்த மாணவர் லைசென்ஸ் படிப்புக்கு மட்டும்தான். அதே லேப்டாப்பில் சம்பளத்துக்கு வரைகிற முதல் கோடே மீறல். டீம்வியூவர் இலவசம், சொந்த உபயோகத்துக்கு. வாடிக்கையாளர் கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் பயன்படுத்தினால் வணிகப் பயன்பாடோ என்று அதுவே சந்தேகப்பட்டு இணைப்பைத் துண்டிக்கும். புரோகிராமர்கள் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் 2021 முதல், 250 ஊழியர்களையோ ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வருமானத்தையோ தாண்டிய நிறுவனங்களுக்குக் கட்டணம். புதிய புரோகிராமர்கள் பழக்க தோஷத்தில் அதை இன்ஸ்டால் செய்துவிட்டு, நிறுவனத்துக்கு வருகிற மெயிலைப் பார்த்து முழிக்கிறார்கள். கணக்கு மென்பொருளான டேலியின் கல்விப் பயன்முறை இன்னும் வெளிப்படை: மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட விடும். அதில் பழகலாம், கடைக் கணக்கு எழுத முடியாது. ஆகவே இன்ஸ்டால் செய்யுமுன் விதிமுறைப் பக்கத்தில் வணிகப் பயன்பாடு பற்றிய பகுதியை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

நிஜமாகவே பட்ஜெட் இல்லையென்றால் அலுவலக வேலைக்கும் இலவசமானவை இருக்கின்றன: லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், பிளெண்டர், ஃப்ரீகேட். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே காசு வாங்கும் வேலைகளைச் செய்யலாம். தமிழ் எழுத்துருக்களுக்கும் உரிமம் உண்டு என்பது டிடிபி வட்டாரத்தில் அடிக்கடி மறந்துபோகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் வருவதால் அச்சு வேலைக்குத் தாராளமாக எடுக்கலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆட்டோகேடில் பழகியவருக்கு ஃப்ரீகேட் முதல் மாதம் எரிச்சலைத்தான் தரும்.

வாங்குவது என்று முடிவானால், அவசரத்துக்கு உங்கள் சொந்த மெயிலிலும் கார்டிலும் சந்தா எடுக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரில் பில், நிறுவனத்தின் மெயிலில் கணக்கு. வேலையை விட்டுப் போகிற கடைசி நாளன்று உங்கள் சொந்தக் கணக்குகளை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வெளியேற்றி, லைசென்ஸ் விவரங்களை எழுத்தில் ஒப்படைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு பதில் மெயிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.